ஐம்பதாவது கார்டு

சங்கு ஊதியது.

ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 3.10.

திருவொற்றியூரில் வளர்ந்தவர்களுக்குச் சங்கின் கணக்கு தெரியும். ஷிப்ட் மாறும்போது ஒரே ஒரு நீளச் சங்கு. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஒத்திகைச் சங்கு. ஞாயிறு மதியம் விட்டு விட்டு ஊதினால், எண்ணூர்ப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஏதோ ஒரு குழாய் கசிகிறது என்று பொருள். எந்தத் தொழிற்சாலை, என்ன வாயு என்பதெல்லாம் மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஓட வேண்டும்.

எர்ணாவூர் சாலையோரக் கல்யாண மண்டபத்தின் மாடியிலிருந்து ஐம்பது அறுபது பேர் ஒரே படிக்கட்டில் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். எல்லார் முதுகிலும் ஒரு பை.

ரோந்துக்கு வந்திருந்த தலைமைக் காவலர் ரமாபாய் கேட்டில் நின்று கத்தினார்.

"துணிய நனைச்சு மூக்குல கட்டு! காத்து எண்ணூர்லேர்ந்து வருது. தேரடி பக்கம் ஓடு!"

"தண்ணி எங்கக்கா கீது? கொழாயத் தொறந்தா காத்துதான் வருது!"

உண்மைதான். கீழ்த்தளத்துக் குழாய் இருமியது. ஒரு சொட்டு வரவில்லை. வாட்ச்மேன் மோட்டார் போடாமலே சாப்பிடப் போயிருந்தார். பிள்ளைகள் காய்ந்த துப்பட்டாவையும் சட்டைக் காலரையும் மூக்கில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

3.11. உயரமான ஒரு பையன் கேட்டுக்கு நடுவே பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டேய் நைனா, வண்டி எடுக்கற நேரமாடா இது?"

"எடுக்கல மேடம், ஓரங்கட்றேன். வண்டில இடிச்சுகினு வுழறாங்க."

"உன் பேரு இன்னா?"

"ஜெரி. ராயபுரம்."

"ஓரங்கட்டிட்டு இங்கியே நில்லு. வர்ற லாரிய நிறுத்து. நான் சொல்ற வரைக்கும் நகராத."

3.12. முதல் ஆளாக ஓடிவந்த கண்ணாடிக்காரர் ஒருவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். மார்பில் 'நடுவர்' என்ற அட்டை தொங்கியது. "ஐயோ, கதவு பூட்டல!" என்று திரும்பவும் படியேறினார். வழியில் கடைசியாக இறங்கிவந்த ஒருவன்மீது மோதிக்கொண்டார்.

அந்தக் கடைசி ஆளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மூக்கில் வெள்ளைக் கைக்குட்டை. தாடையிலிருந்து சட்டைமேல் தண்ணீர் சொட்டியது.

"அண்ணா! எங்கண்ணா போன?" என்று ரோட்டிலிருந்து ஒரு பெண் அலறினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேரடிப் பக்கம் ஓடினான்.

3.14. நடுவர் சாவியோடு இறங்கி வந்தார். மண்டபத்தின் மாடி ஹால் காலி. கதவு பூட்டப்பட்டது.

வானத்தில் எதுவும் தெரியவில்லை. அதுதான் பயம். தொண்டை மட்டும் லேசாக எரிந்தது. ரமாபாய் அந்த ரோட்டில் நாற்பது நிமிடம் நின்றார். யாரைக் கேட்டாலும் பதில் இல்லை. வயர்லெஸ்ஸில், "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்கள். 3.50க்கு, "ஒன்றுமில்லை, எல்லோரும் திரும்பலாம்" என்றார்கள். என்ன ஒன்றுமில்லை என்று அவர் கேட்டார். லைன் கட்டாகியிருந்தது.

4.02.

"நாப்பத்தொம்பது!"

மாடியிலிருந்து கேட்ட அலறல் சங்கைவிடக் கூர்மையாக இருந்தது. அடுத்த நிமிடம், அண்ணனைத் தேடிக் கத்திய அதே பெண் கேட்டுக்கு ஓடிவந்தாள்.

"மேடம், திருட்டுப் போயிடுச்சு!"

"இன்னா போச்சு? செயினா, செல்லா?"

"கார்டு."

"ஏடிஎம் கார்டா? பேங்குக்குப் போன் பண்ணி லாக் பண்ணும்மா மொதல்ல."

"இல்ல மேடம். என் ராணி!"

அவள் பெயர் சைமா. எர்ணாவூர்க்காரி, இருபது வயது. அடுத்த மாதம் இருபத்தொன்று. அவளை அழவிடாமல் விஷயத்தை வாங்க ரமாபாய்க்கு மூன்று நிமிடம் பிடித்தது.

விளையாட்டின் பெயர் டைட் லார்ட்ஸ். கடல் ராஜ்ஜியங்கள் மோதிக்கொள்ளும் சீட்டு விளையாட்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே சீட்டுக்கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான கார்டுகளில் ஐம்பதைப் பொறுக்கி, அவரவர் சொந்தக் கட்டோடு வர வேண்டும். அந்த ஐம்பதையும் காலையிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் ஒன்று குறையக் கூடாது, ஒன்று மாறக் கூடாது. இன்று நடப்பது இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கான தேர்வுப் போட்டி. ஜெயிக்கிற ஒரே ஓர் ஆளுக்குச் சிங்கப்பூர் போட்டியில் இடம். சைமாவுக்கு இதுதான் கடைசி வருஷம். ஆறு சுற்று ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தாள்.

"ஐம்பதுல ஒண்ணுதானம்மா போச்சு? மீதி வெச்சு ஆட முடியாதா?"

சைமா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரமாபாயைப் பார்த்தாள். பாவம், இவருக்கு என்ன தெரியும் என்கிற பார்வை.

"நான் எப்படி ஆடுவேன் தெரியுமா மேடம்? மொத ஆறு டர்ன் தோத்துகினே இருப்பேன். தீவ வுட்டுக் குடுப்பேன், கப்பல வுட்டுக் குடுப்பேன். எதிராளி ஜெயிச்சிட்டோம்னு கையில இருக்கறதெல்லாம் எறக்கிடுவான். ஏழாவது டர்ன்ல புயல் ராணி. மொத்த போர்டும் காலி. அவ இல்லாம நான் வெறும் தோக்கறவ."

4.08. மாடி ஹால்.

நீள மேசைகள். தோற்றவர்கள் பொழுதுபோக்காக ஆடிப் பாதியில் விட்டுப்போன ஆட்டங்கள். ஜன்னல்களில் கம்பி. ஒரே கதவு. மேடைக்குப் பக்கத்தில் நடுவர் மேசை, அதை ஒட்டி ஸ்டூலில் தண்ணீர் கேன். இரண்டடிகூட இடைவெளி இல்லை.

கூட்டம் ஒரே ஆளைச் சுற்றி நின்றது. நடுவில் ஜெரி. இறுதி ஆட்டத்தில் சைமாவின் எதிராளி.

"மாமு, ஒத்துக்க. வேற யாருக்குடா லாபம்?"

"பைனல்ல ஆடி ஜெயிக்க துப்பில்ல. கார்டத் தூக்கிட்டான்."

"பையக் காட்டுடா!"

ஜெரி பையைத் தலைகீழாகக் கொட்டினான். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கார்டு ஆல்பம் ஒன்று. "பாத்துக்க. நல்லா பாத்துக்க" என்றான்.

"எல்லாம் தள்ளிப் போய் உக்காரு" என்றார் ரமாபாய். லத்தியை மேசைமேல் வைத்தார்.

முதலில் நடுவர். பெயர் தேவப்பிரியம். வேளச்சேரியிலிருந்து வந்திருந்தார்.

"கார்டுங்க கடைசியா எப்போ முழுசா இருந்துச்சு?"

"மூணு அஞ்சுக்கு மேடம். பைனல் ஆடற ரெண்டு பேர்கிட்டயும் டெக்கை வாங்கினேன். அவங்க எதிர்லயே எண்ணினேன். ஐம்பது, ஐம்பது. ரெண்டு பெட்டியும் இந்த மேசைமேல, அவங்கவங்க லிஸ்ட் பேப்பர் மேல வெச்சேன்."

"எதுக்கு வாங்கினீங்க?"

"செக் பண்ண. மத்த சுத்துக்கெல்லாம் எண்ணிக்கை மட்டும்தான். பைனலுக்கு ஒவ்வொரு கார்டையும் உறையிலேர்ந்து எடுத்து லென்ஸ் வெச்சுப் பார்ப்போம். மைக்குலயே சொன்னேன். போலி கார்டு வெச்சிருந்தா அஞ்சு வருஷம் தடை, பேரு வெப்சைட்ல வரும்னு. அதுக்குள்ள அந்தச் சத்தம்."

"நீங்க?"

தேவப்பிரியம் தலை குனிந்தார். "ஓடிட்டேன் மேடம். எனக்கு அந்தச் சத்தம் பழக்கமில்ல. கீழ போனப்பறம்தான் பூட்டலன்னு ஞாபகம் வந்துச்சு. திரும்ப வந்து உள்ள பார்க்காம பூட்டினேன்."

"தொறந்தப்போ?"

"பூட்டு அப்படியே இருந்துச்சு. எண்ணினா நாப்பத்தொம்பது."

ஆக, மூன்று பத்துக்கும் மூன்று பதினாலுக்கும் இடையில். சங்கு ஊத, எல்லோரும் கதவைப் பார்த்து ஓட, ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் இந்த மேசைக்கு வந்திருக்கிறார்.

ரமாபாய் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். ஜெரியுடையது கறுப்பு. சைமாவுடையது பச்சை. தலைமுடிக்குப் போடும் ரப்பர் வளையத்தால் இரண்டு சுற்று சுற்றியிருந்தாள்.

"இந்த ரப்பரு?"

"நான் போடறதுதான்" என்றாள் சைமா. "ரெண்டு சுத்து, நடுவுல ஒரு முறுக்கு. தொறந்தப்பவும் அப்படியேதான் இருந்துச்சு."

பெட்டிக்குக் கீழிருந்த தாளை ரமாபாய் எடுத்தார். நீல மையில் ஐம்பது வரி. ஓரத்தில் ஒரு வட்டம், பிறகு இன்னொன்று. தண்ணீர் சொட்டி மை பரவிய தடம்.

"இது முன்னாடியே இருந்துச்சா?"

"இல்ல மேடம்" என்றார் தேவப்பிரியம். "கையெழுத்து வாங்கும்போது சுத்தமா இருந்துச்சு."

"நீங்க இந்தக் கேன்ல தண்ணி புடிச்சீங்களா?"

"எனக்குப் பிளாஸ்க் இருக்கு."

அடுத்தது ஜெரி.

"அந்த ராணி எவ்ளோ பெரிய ஆளு?"

"பெரிய ஆளுதான் மேடம். ஆனா என் பெட்டில தங்க எடிஷன் ரெண்டு கீது. பக்கத்துலயே இருந்திச்சி. திருடறவன் அத வுட்டுட்டு இத எடுப்பானா? எனக்கும் ராணி ஒண்ணு கீது, ஆல்பத்துல. என் ஆட்டத்துக்கு அவ ஒத்து வரமாட்டா. நான் மூணு டர்ன்ல முடிக்கற ஆளு."

"நீ மூணு பதினொண்ணுலேர்ந்து என் பக்கத்துலதான் நின்ன."

"அத அவங்ககிட்ட சொல்லுங்க மேடம். நம்ப மாட்டேங்கறாங்க."

ரமாபாய் சொன்னார். கூட்டத்தில் ஒருவன், "அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இருந்துச்சே" என்றான். ஜெரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

4.14. தேவப்பிரியம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், நாலு முப்பதுக்குள்ள லிஸ்ட்ல இருக்கற அதே கார்டு கிடைக்கணும். அதே கார்டு, யாரோடதா இருந்தாலும் சரி. இல்லன்னா ரூல்படி ஆட்டம் ஜெரிக்கு. ஆறு மணிக்கு இங்க ரிசப்ஷன், ஹாலை விட்டாகணும்."

"ரூலு" என்றார் ரமாபாய்.

"ஆமா மேடம். கை தூக்கி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாலும் எழுதிக்கணும். எழுதினதை அழிக்க எனக்கே அதிகாரம் இல்ல."

ரமாபாய் சைமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ராணி எப்படி இருப்பா? போட்டோ கீதா?"

சைமா செல்லைக் காட்டினாள். அரையிறுதி ஜெயித்ததும் எடுத்தது. மேசைமேல் மூன்று கார்டுகள். மூன்றும் ஒளி பட்டால் மின்னுகிற ஃபாயில் கார்டுகள். நடுவில் ராணி. ஊதா நிற அங்கி, விரிந்த தலைமுடி, கையில் மின்னல்.

இரண்டு பக்கத்துக் கார்டுகளும் ஓரம் தூக்கி, பொரிக்கிற அப்பளம்போல் வளைந்திருந்தன.

"இதெல்லாம் இன்னா இப்படி சுருண்டுகினு?"

"ஃபாயில் எல்லாமே நம்ம ஏரியால இப்படித்தான் மேடம். ஒரு பக்கம் பேப்பரு, ஒரு பக்கம் மினுமினு தாளு. உப்புக்காத்து பட்டா பேப்பர் ஊறி வளையும். இங்க யார் கார்ட எடுத்தாலும் வளைஞ்சிருக்கும்." அந்த அழுகையிலும் சைமாவின் முகத்தில் சின்னப் பெருமை வந்தது. "என் ராணி மட்டும் வளையவே மாட்டா. எப்படிப் பாத்துக்கறேன் தெரியுமா? ஷூ டப்பாவுல போட்டு வருமே, ஈரம் இழுக்கற பாக்கெட்டு, அத பெட்டிக்குள்ளயே போட்டு வெச்சிருக்கேன்."

"இந்தப் பெட்டிக்குள்ளயா?"

"ஆமா."

ரமாபாய் பெட்டியைத் திறந்தார். சின்ன வெள்ளைப் பாக்கெட் இருந்தது. மற்ற இரண்டு ஃபாயில்களும் இருந்தன. விரலால் தடவிப் பார்த்தார். மூடி வைத்தார்.

"உங்கண்ணன் எங்க?"

நசீர் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலோடு சங்கிலியால் கட்டும் வேலை. தங்கை ஆடுகிற ஒவ்வொரு போட்டிக்கும் லீவு போட்டு வருபவன். கைக்குட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த இடத்தில், நெற்றியில் ஊதா நிறத்தில் ஒரு கீற்று விழுந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

4.17.

"நைனா, கொஞ்சம் படிக்கட்டாண்ட வா" என்றார் ரமாபாய்.

படிக்கட்டுத் திருப்பத்தில் காற்று இல்லை. கீழே குழாய் இன்னும் திறந்தே கிடந்தது. வாட்ச்மேன் மோட்டார் போட்டிருக்க வேண்டும், தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"இப்ப வருது பாரு தண்ணி" என்றார் ரமாபாய். "மூணு பத்துக்கு வரல. கீழ எல்லாரும் காஞ்ச துணியோட ஓடினாங்க. ஒருத்தன் கர்ச்சீப்புல மட்டும் தண்ணி சொட்டிச்சி. அது எங்கேர்ந்து வந்துச்சி?"

நசீர் சட்டைப்பைமேல் கையை வைத்துக்கொண்டான்.

"கேன்லேர்ந்து. நடுவர் வேளச்சேரிக்காரர். சங்கு கேட்டதும் ஓடிட்டாரு. நீ எர்ணாவூர்க்காரன். சங்கு கேட்டதும் மொதல்ல துணிய நனைச்ச. யோசிச்சு பண்ணல, கை தானா போச்சி. நனைச்சிட்டுத் திரும்பினா, எதிர்ல பச்சைப் பெட்டி. ஹால்ல யாரும் இல்ல. ஈரக் கையால தொறந்த, பேப்பர்ல ரெண்டு சொட்டு. எடுத்துட்டு, தங்கச்சி எப்படி ரப்பர் போடுவாளோ அப்படியே போட்டுட்ட. ரெண்டு சுத்து, ஒரு முறுக்கு. வேற யாருக்கு அது தெரியும்?"

"மேடம், நான் எதுக்கு என் தங்கச்சி கார்டையே..."

"அதத்தான் நானும் யோசிச்சேன். அவ ஜெயிக்கறது புடிக்காதவன் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் லீவு போட்டு வரமாட்டான்." ரமாபாய் குரலைத் தணித்தார். "பெட்டி ஒண்ணு. பாக்கெட்டு ஒண்ணு. உள்ள மூணு ஃபாயிலு. ரெண்டு அப்பளமா சுருண்டு கீது. ஒண்ணு மட்டும் ஸ்கேலு மாதிரி நிக்குது. பாக்கெட்டு வேலை செஞ்சா மூணும் நேரா இருக்கணும். செய்யலன்னா மூணும் வளையணும். அந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் காத்து ஒண்ணும் பண்ணல?"

நசீர் சுவரில் சாய்ந்தான்.

"ஏன்னா அது பேப்பரே இல்ல" என்றார் ரமாபாய். "கர்ச்சீப்ப காட்டு."

அவன் எடுத்தான். மதியம் வெள்ளையாக இருந்த துணி. மடிப்புக்குள் ஊதா நிறம் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. நடுவே உறையிலிருந்து நழுவி, சாயம் கரைந்த ஒரு பிளாஸ்டிக் அட்டை. ராணியின் அங்கி பாதி போயிருந்தது. முகம் மட்டும் இருந்தது.

"போலி. லென்ஸ் வெச்சா மாட்டிக்கும். போலின்னா அஞ்சு வருஷம். காணாப்போச்சுன்னா ஒரு ஆட்டம். அவ ஆடற மாதிரியே நீயும் ஆடிட்ட, இல்ல? பெருசக் காப்பாத்த இருக்கறத வுட்டுக் குடுத்துட்ட."

"எனக்கு ஆட்டமெல்லாம் தெரியாது மேடம்" என்றான் நசீர். "அந்த டிசம்பர் வெள்ளம். தண்ணியா அது? கம்பெனிலேர்ந்து வந்த ஆயிலு. இடுப்பு வரைக்கும் கருப்பா, பிசுபிசுன்னு. இவ வண்ணாரப்பேட்டைல சித்தி வூட்ல மாட்டிகினா. போன்ல அழுவறா. அம்மாவப் பாத்துக்கோண்ணா, என் டப்பாவ எடுத்துக்கோண்ணான்னு. அம்மாவால நடக்க முடியாது. தூக்கிகினேன். டப்பா பீரோ மேல இருந்திச்சி. பீரோவே சாஞ்சிடுச்சி. நாலு நாள் கழிச்சு தொறந்தா, ராணி மூஞ்சில தார் பூசின மாதிரி. மத்த கார்டெல்லாம் இவ பையில இருந்திச்சி. ராணிய மட்டும்தான் அந்த டப்பாவுல தனியா வெச்சிருந்தா. மொத மொத ஜெயிச்சு வாங்கினது."

"சொல்லியிருக்கலாமே?"

"அப்ப அவ போன்ல கேட்டது ஒண்ணே ஒண்ணு மேடம். 'ராணி கீதாண்ணா?' கீதும்மான்னுட்டேன். சொன்னப்புறம் இருக்கணும் இல்ல? ஒரு பிரிண்டிங் கடைல போட்டோ குடுத்து அடிச்சு வாங்கினேன். ரெட்ட உறைல போட்டு வெச்சா யாருக்கும் தெரியல. கடைப் போட்டி எதுலயும் லென்ஸ் வெச்சதில்ல. இன்னிக்கு மைக்குல சொன்னப்பதான் எனக்கு உசுரு போச்சி. அவகிட்ட சொல்லலாம்னு போனேன். செமி பைனல் ஜெயிச்சு சிரிச்சிகினு இருந்தா."

"உடனே சங்கு ஊதிச்சு."

"ஆமா."

ரமாபாய் படியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வீடு புகுந்தவனைப் பிடித்திருக்கிறார், கத்தி எடுத்தவனைப் பிடித்திருக்கிறார். பிடித்தபின் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்ததில்லை.

"இதுக்கு இன்னா செக்ஷன் போடறது? உன் வூட்டுப் பொருள நீயே எடுத்திருக்க. நான் போய் உண்மையச் சொன்னா உன் தங்கச்சி அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாது. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாலும் ரூலு கேக்காது. சொல்லலன்னா அந்த ஜெரி திருடன்ற பேரோட ராயபுரம் போவான். எனக்கு உன்ன மாதிரி ஒரு கார்டு இல்ல நைனா, தூக்கிக் குடுத்துட்டுத் தப்பிக்க."

"நான் எடுத்தேன்னு மட்டும் சொல்லிடறேன் மேடம். ஏன்னு சொல்லாம."

"ஏன்னு கேப்பாங்க. கார்ட குடுன்னு கேப்பாங்க."

நசீர் கைக்குட்டையைப் பார்த்தான். மடித்து மறுபடியும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் வேறு வழி தோன்றவில்லை. மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

4.25. ரமாபாய் ஹாலுக்குத் திரும்பியபோது ஜெரி நடுவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் ஆல்பம்.

"சார், யாரோடதா இருந்தாலும் சரின்னுதானே சொன்னீங்க? இந்தாங்க. என் ராணி. அவ ஆடட்டும்."

முன்னால் நின்றவர்கள் ஆல்பத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"தம்பி, நீ குடுக்கலன்னா கப்பு உனக்கு" என்றார் தேவப்பிரியம்.

"இப்படி வாங்கிகினு எந்த மூஞ்சிய வெச்சுகினு ஆடறது? திருட்டுப்பய கப்புன்னுவாங்க." ஜெரி சைமாவைப் பார்க்காமலே சொன்னான். "எடுத்துக்க. ஏழாவது டர்ன் வரைக்கும் உன்ன வுட்டாத்தானே."

சைமா சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். கதவோரம் நசீர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். ரமாபாய் மூச்சை விட்டார். இப்படியும் முடியலாம்போலிருக்கிறது. ஆட்டம் நடக்கும். யார் எடுத்தார்கள் என்பது பேப்பரில் வராது. ஜெரி கார்டு கொடுத்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

தேவப்பிரியம் ஜெரியின் ராணியை லென்ஸில் பார்த்தார். விளக்கில் பிடித்துப் பார்த்தார். "சுத்தமான கார்டு" என்றார். மீதி நாற்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரி. கட்டையும் ராணியையும் சைமாவிடம் கொடுத்தார்.

4.40. இறுதி மேசை.

சைமா புது உறை ஒன்றை எடுத்தாள். ராணியை உள்ளங்கையில் வைத்தாள். கார்டின் இரண்டு ஓரமும் மெதுவாகத் தூக்கிக்கொண்டு நின்றன.

அழுத்தினாள். மறுபடியும் தூக்கிக்கொண்டது.

கட்டிலிருந்து தன் மற்ற இரண்டு ஃபாயில்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூன்றும் ஒரே மாதிரி வளைந்திருந்தன. ஒரு கணம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியின் அடியிலிருந்த வெள்ளைப் பாக்கெட்டை எடுத்து விரல்களுக்கு இடையில் உருட்டினாள். அதைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

நசீர் நின்றிருந்தான். நெற்றியில் ஊதாக் கீற்று.

அவன் தலையை அசைத்தான். வேண்டாம் என்று. இன்னொரு முறையும் அசைத்தான்.

ரமாபாய் ஓர் அடி முன்னால் வைத்தார். அதற்குமேல் போகவில்லை. போய் என்ன சொல்வது?

சைமா கை தூக்கினாள்.

"சொல்லும்மா" என்று தேவப்பிரியம் பேனாவைத் திறந்தார்.

"சார், இந்தக் கார்டு மத்த ஃபாயில் மாதிரியே வளையுது. என்னோடது ஆறு சுத்துலயும் ஒரு தடவகூட வளையல."